1413721: சதுரமா, முக்கோணமா, அறுகோணமா?

தலவாக்கலை டீச்சர்

தரம் 10, 11 பிள்ளைகளுக்கான கணித முகாமில் ஒரு கேள்வி போடப் போகிறோம்: "1413721 எவ்வகையான எண்? உங்களால் இயன்ற வகைகள் எல்லாவற்றையும் காரணத்துடன் எழுதுக." ஒற்றை எண், சேர்த்தி எண், சதுர எண் என்ற மூன்றையும் புள்ளித்திட்டத்தில் எழுதியாயிற்று. முக்கோண எண் என்றும் சொல்கிறார்கள், அறுகோண எண் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி, எதைப் பிள்ளைகள் கையால் செய்து காட்ட முடியும் என்று தெரிந்தவர்கள் படிப்படியாக எழுதுங்கள். கல்குலேட்டர் தரலாம், ஆனால் எட்டு இலக்கம் காட்டும் சாதாரணக் கல்குலேட்டர்தான்.

ஹட்டன் மாஸ்டர்

முதலில் காரணிப்படுத்த வேண்டும் டீச்சர். மற்ற வகைகள் எல்லாம் அதிலிருந்துதான் வரும். பிள்ளைகள் 2, 3, 5 என்று வகுக்கத் தொடங்குமுன் சதுரமா என்று பார்ப்பது நல்லது. அரைப்பங்கு வேலை மிச்சம்.

கடைசி இரண்டு இலக்கம் 21. ஒரு வர்க்கம் 21 இல் முடிய வேண்டுமானால் அதன் மூலம் 11, 39, 61, 89 ஆகியவற்றில் ஒன்றில்தான் முடியும். அடுத்து இலக்கச் சுட்டி: 1+4+1+3+7+2+1 = 19, பின் 10, பின் 1. நிறைவர்க்கங்களின் இலக்கச் சுட்டி 1, 4, 7, 9 மட்டுமே. ஆக இரண்டு வாசலிலும் தடை இல்லை. இது சதுரம் என்பதற்கு நிறுவல் அல்ல, "இருக்கலாம்" என்பது மட்டும்தான். இந்த இடத்திலேயே "ஆகவே சதுர எண்" என்று எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு, அதற்குப் புள்ளி கொடுக்கக் கூடாது.

இனி மூலம். 1200 இன் வர்க்கம் 1440000. நமது எண் அதைவிட 26279 குறைவு. 1200 இலிருந்து 1 குறைத்தால் வர்க்கம் ஏறக்குறைய 2400 குறையும். 26279 ஐ 2400 ஆல் வகுத்தால் 11 க்குக் கிட்ட வருகிறது. 1200 − 11 = 1189, அது 89 இல் முடிகிறது. சரிபார்ப்பு: 1440000 − 26400 + 121 = 1413721. முடிந்தது, 1189 × 1189.

இப்போது 1189 ஐ மட்டும் உடைத்தால் போதும். 35 க்கு உட்பட்ட முதன்மை எண்களைச் சோதிக்க வேண்டும். 29 இல் பிடிபடும்: 29 × 41. ஆகவே 1413721 = 29² × 41².

சதுரம் என்று பார்க்காமல் நேரே வகுக்கத் தொடங்கியவர்களுக்கு 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் தட்டிவிடும் வழி உண்டு. வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்: 721 − 413 + 1 = 309. 1001 என்பது 7 × 11 × 13 என்பதால் 309 க்கு வரும் மீதிதான் முழு எண்ணுக்கும் வரும்: முறையே 1, 1, 10. 17, 19, 23 க்கும் மீதி உண்டு (1, 7, 3). தவறு நடப்பது இங்கேதான். 23 வரை பார்த்துக் களைத்துப்போய் "முதன்மை எண்" என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் சொல்ல 1189 வரையுள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுத்திருக்க வேண்டும்.

மஸ்கெலியா மாணவன்

சேர், முக்கோண எண் என்பதை எப்படிச் சோதிப்பது? 1+2+3+... என்று கூட்டிக்கொண்டே போனால் நேரம் போதாதே.

ஹட்டன் மாஸ்டர்

கூட்ட வேண்டாம் தம்பி. கூட்டல் விருத்தியின் சூத்திரப்படி வ வரிசை கொண்ட முக்கோணத்தில் வ(வ+1)/2 புள்ளிகள். அதை 8 ஆல் பெருக்கி 1 ஐக் கூட்டினால் 4வ² + 4வ + 1, அதாவது (2வ+1)². ஆகவே எந்த எண்ணையும் எட்டு மடங்காக்கி ஒன்றைக் கூட்டு. நிறைவர்க்கம் வந்தால் முக்கோண எண், வராவிட்டால் இல்லை. இது இருபக்கமும் உண்மை.

8 × 1413721 + 1 = 11309769. எட்டு இலக்கம், உன் கல்குலேட்டரில் மட்டுமட்டாக அடங்கும். வர்க்கமூலம் 3363. ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் வ = 1681. மறுபடி சரிபார்: 1681 × 1682 = 2827442, பாதி 1413721.

ஒரு கவனம். வர்க்கமூலப் பொத்தானை அழுத்தித் தசமம் இல்லாமல் வந்தால் மட்டும் நம்பிவிடாதே. வந்த விடையைத் திரும்ப வர்க்கித்துப் பார். பெரிய எண்களில் தசமப் பகுதி திரையை விட்டு வெளியே போய்விடும்.

பதுளை பாறைக்கல்

சதுரமாகவும் முக்கோணமாகவும் ஒரே எண் இருப்பது அரிது. பத்து மில்லியனுக்குள் ஐந்தே ஐந்து: 1, 36, 1225, 41616, 1413721. பிள்ளைகளுக்குக் காட்ட 1225 ஏற்றது. தவறணையில் 1225 நாற்றுப் பைகளை 35 க்கு 35 ஆகச் சதுரமாக அடுக்கலாம். அதே பைகளை முதல் வரிசையில் 1, அடுத்ததில் 2 என்று 49 வரிசை அடுக்கினால் முக்கோணமாகவும் சரியாக முடியும், ஒரு பையும் மிஞ்சாது.

இதே எண்கள் இன்னொரு முகத்தோடும் வரும். எட்டுக் காம்பரா (அறை) உள்ள ஒரு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) 1 முதல் 8 வரை இலக்கம் போடுங்கள். ஆறாம் காம்பரா வாசலில் நின்று பாருங்கள். இடப்பக்கம் 1+2+3+4+5 = 15. வலப்பக்கம் 7+8 = 15. இரண்டு பக்கமும் சமன். வேறு எந்தக் காம்பராவுக்கும் இப்படி வராது. லயத்தில் ஏழு அல்லது பத்துக் காம்பரா இருந்தால் எந்த வாசலிலும் வராது. 8 க்குப் பிறகு 49 காம்பராவில்தான் வரும், அங்கே 35 ஆம் இலக்கம். பிறகு 288 இல் 204. பிறகு 1681 இல் 1189.

ஏன் என்பது ஒரு வரிதான். நடு இலக்கம் ப, கடைசி இலக்கம் வ என்றால், 1 முதல் வ வரையான கூட்டுத்தொகை = (1 முதல் ப வரையானது) + (ப−1 வரையானது). இந்தச் சமன்பாட்டின் வலப்பக்கத்து இரண்டு முக்கோண எண்ணும் சேர்ந்தால் ப². அதாவது வ வரையான முக்கோண எண் ப இன் வர்க்கமாக இருக்க வேண்டும்.

நம் எண்ணுக்குப் போட்டுப் பாருங்கள்: 1 முதல் 1188 வரை கூட்டினால் 706266. 1190 முதல் 1681 வரை கூட்டினாலும் 706266.

1914 இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் இது ஒரு தெருவின் வீட்டிலக்கப் புதிராக வந்தது: ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ் வீடுகள். விடை 288 வீட்டுத் தெருவில் 204 ஆம் வீடு. நண்பர் மகலனோபிஸ் அதைக் கேம்பிரிட்ஜில் கணித மேதை ராமானுஜனிடம் வாசித்துக் காட்டியபோது, ராமானுஜன் ஒரு விடையோடு நிற்காமல் எல்லா விடையும் வரிசையாக வரும் தொடர் பின்னத்தை (பின்னத்துக்குள் பின்னமாக நீள்வது) சொன்னார் என்பது பதிவான செய்தி. நம் 1189 அந்த வரிசையில் 204 க்கு அடுத்தது.

6, 35, 204, 1189 ஆகியவற்றைச் சமநிலை எண்கள் என்பார்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் ஆறு மடங்கிலிருந்து அதற்கு முந்தியதைக் கழித்தால் வரும்: 6 × 204 − 35 = 1189.

மஸ்கெலியா மாணவன்

ஆறு மடங்கு எங்கிருந்து வந்தது? 29 உம் 41 உம் ஏன்?

ஹட்டன் மாஸ்டர்

கேட்க வேண்டியதைக் கேட்டாய். இந்த எண்ணின் எல்லாத் தன்மையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: 41² = 1681, 29² இன் இருமடங்கு 1682. அடுத்தடுத்த இரண்டு எண்கள்.

வ(வ+1)/2 சதுரமாக வேண்டும். வ, வ+1 இரண்டுக்கும் 1 ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. இரட்டையை 2 ஆல் வகுத்த பிறகும் அவற்றுக்குப் பொதுக் காரணி கிடையாது. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் பெருக்கம் சதுரமானால் இரண்டும் தனித்தனியே சதுரமாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே ஒற்றை எண் ஒரு சதுரம், இரட்டை எண் ஒரு சதுரத்தின் இருமடங்கு. அவற்றை அ², 2இ² என்று எழுதினால் தேவை இதுதான்: அ² − 2இ² = +1 அல்லது −1.

தொடக்கம் அ = 1, இ = 1. அடுத்ததுக்குப் போக, புதிய இ = அ + இ, புதிய அ = அ + 2இ.

(1, 1), பெருக்கம் 1
(3, 2), பெருக்கம் 6
(7, 5), பெருக்கம் 35
(17, 12), பெருக்கம் 204
(41, 29), பெருக்கம் 1189
(99, 70), பெருக்கம் 6930

பெருக்கத்தை வர்க்கித்தால் சதுர முக்கோண எண். இந்த ஏணி ஏன் தவறாது? (அ+2இ)² − 2(அ+இ)² ஐ விரித்துச் சுருக்கினால் −(அ² − 2இ²) தான் மிஞ்சும். ஒவ்வொரு படியிலும் குறி மட்டும் மாறும், அளவு 1 ஆகவே இருக்கும். ஏணியில் இல்லாத சோடி ஏதும் ஒளிந்திருக்குமா என்றால், இல்லை. எந்தச் சோடியையும் எடுத்துத் திரும்ப இறக்கு: (2இ − அ, அ − இ). இ ஒன்றைவிடப் பெரிதாக இருக்கும் வரை சோடி சிறிதாகிக்கொண்டே வரும், நேராக (1, 1) இல் போய் நிற்கும். ஆகவே எல்லாச் சோடியும் இந்த ஒரே ஏணியில்தான்.

ஆறு மடங்கு விதி இதே ஏணியைச் சுருக்கி எழுதியது, காகிதத்தில் நீயே பெற்றுப் பார். அ² − 2இ² = ±1 போன்ற சமன்பாட்டைப் பெல் சமன்பாடு என்று புத்தகங்களில் போடுவார்கள். கணித அறிஞர் ஒயிலர் தவறாக வைத்த பெயர் அது. ஒரு விடையிலிருந்து அடுத்த விடையைக் கட்டும் முறையை பிரம்மகுப்தர் 628 இலேயே எழுதிவிட்டார்.

கொட்டகலை வெண்கட்டி

அறுகோண எண் என்பது தவறு என்று நினைக்கிறேன். அறுகோண எண்கள் 1, 7, 19, 37 என்று போகும், சூத்திரம் 3க(க−1) + 1. 1413720 ஐ 3 ஆல் வகுத்தால் 471240. அது அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கமாக வேண்டும். 686 × 685 = 469910, 687 × 686 = 471282. நடுவில் விழுகிறது.

பதுளை பாறைக்கல்

கணக்குச் சரி அண்ணே, எண்தொகுதிதான் வேறு. நீங்கள் சொல்வது மையமிட்ட அறுகோண எண், தேன்கூடு மாதிரி நடுப்புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக வளர்வது. அதில் 1413721 இல்லை. சாதாரண அறுகோண எண்கள் ஒரு மூலையிலிருந்து விரிபவை: 1, 6, 15, 28, 45. சூத்திரம் க(2க−1).

இந்த வரிசை முக்கோண எண்களில் ஒன்று விட்டு ஒன்று. வ ஒற்றையாக இருந்தால் அந்த முக்கோண எண் அறுகோணமும் ஆகும். 1681 ஒற்றை, ஆகவே க = 841: 841 × 1681 = 1413721. காரணிகளைப் பாருங்கள், 841 என்பது 29², 1681 என்பது 41². அதே பழைய இரண்டு ஆட்கள்.

எல்லாச் சதுர முக்கோண எண்ணுக்கும் இது பொருந்தாது. 36, 41616, 48024900 மூன்றுக்கும் வ இரட்டை (8, 288, 9800), அவை அறுகோணம் அல்ல. முதல் ஆறில் 1, 1225, 1413721 மட்டும் மூன்று வடிவத்திலும் நிற்கும். ஏணியில் குறி மாறி மாறி வருவதன் விளைவு இது.

டீச்சர், கேள்வித்தாளில் அறுகோணம் பற்றிக் கேட்டால் 1, 6, 15 என்று முதல் மூன்று உறுப்பை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு விடையும் நியாயமாகிவிடும்.

கொட்டகலை வெண்கட்டி

ஒத்துக்கொள்கிறேன். மையமிட்ட எண்கோண எண் என்று சேர்க்கலாம். ஒற்றைச் சதுரம் எல்லாமே அந்த வகைதான்: 1413721 = 8 × 176715 + 1, அதில் 176715 என்பது 594 ஆம் முக்கோண எண். ஆனால் எந்த ஒற்றைச் சதுரத்துக்கும் இது வருவதால் இந்த எண்ணுக்கென்று தனிச் சிறப்பு இல்லை.

மஸ்கெலியா மாணவன்

இன்னொன்று கண்டேன். 41 ஐ 29 ஆல் வகுத்தால் 1.41379. எங்கள் எண் 1413721. முதல் ஐந்து இலக்கமும் ஒன்று. √2 உம் 1.414. இது தற்செயலா?

ஹட்டன் மாஸ்டர்

இரண்டாகப் பிரித்துப் பார் தம்பி. 41/29 என்பது √2 க்குக் கிட்ட வருவது தற்செயல் அல்ல. 41² = 2 × 29² − 1 என்பதை 29² ஆல் வகுத்தால் (41/29)² = 2 − 1/841. ஏணியில் ஏற ஏற அந்தப் பிழை சிறுத்துக்கொண்டே போகும்.

ஆனால் 1413721 உம் அப்படித் தொடங்குவது தற்செயல்தான். அதன் இடத்தைச் சுட்டியே காட்டலாம். 41² × 29² ஐ 41/29 ஆல் வகுத்தால் 41 × 29³. 29³ = 24389, அதை 41 ஆல் பெருக்கினால் 999949. ஒரு மில்லியனுக்கு 51 தான் குறைவு. 1.41379 ஐ ஏறக்குறைய மில்லியனால் பெருக்கினால் அதே இலக்கங்கள் வராமல் என்ன செய்யும்? அடுத்த படியில் 48024900, அங்கே ஒற்றுமை காணாமல் போய்விடும்.

அடுத்த படியை உன் மேசையிலேயே பார்க்கலாம். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர், அகலம் 210. இரண்டையும் 3 ஆல் வகு: 99, 70. ஏணியில் 41, 29 க்கு மேலே இருக்கும் படி. தாளை நடுவில் மடித்தாலும் அதே வடிவம் வரவேண்டுமானால் விகிதம் √2 ஆக இருக்க வேண்டும். முழு மில்லிமீற்றரில் வெட்டும்போது 99/70 கிடைத்திருக்கிறது.

பண்டாரவளை நிரலர்

கணினியில் செய்பவர்களுக்கு மூன்று பொறி இருக்கிறது.

ஒன்று, 32 பிட் முழு எண். உச்சம் 2147483647. ஏழாவது சதுர முக்கோண எண் 1631432881, அது உள்ளே அடங்கும். ஆனால் வ = 57121 ஐப் போட்டு வ × (வ+1) ஐ முதலில் பெருக்கினால் 3262865762, உச்சத்தைத் தாண்டி −1032101534 ஆகச் சுற்றிக்கொள்ளும். பாதியாக்கினால் −516050767 என்று விடை. சூத்திரம் சரி, விடை அடங்கும், நடுவழியில்தான் உடைகிறது. இரட்டையாக இருப்பதை முதலில் பாதியாக்கிவிட்டுப் பிறகு பெருக்குங்கள்: 57122 இன் பாதி 28561, அதை 57121 ஆல் பெருக்கினால் சரியாக வரும்.

இரண்டு, எக்செல். முதல் கலத்தில் 1, அடுத்ததில் 36 போட்டு, அதன் பிறகு "முந்தியது × 34 − அதற்கு முந்தியது + 2" என்று இழுத்துவிடலாம். ஐந்தாவது வரியில் 1413721 வரும். பதினோராவது உறுப்பு 2172602007770041. எக்செல் 15 பொருளுறு இலக்கம்தான் காட்டும், ஆகவே திரையில் கடைசி இலக்கம் 0 ஆகத் தெரியும். 40 இல் முடியும் எண் நிறைவர்க்கமே ஆகாது, அதைப் பார்த்தாலே பிழை புரியும்.

மூன்று, எட்டு மடங்குச் சோதனை. தசம எண் வகையில் (double) 9007199254740992 க்கு மேல் எல்லா ஒற்றை எண்ணும் தொலைந்துவிடும். 8 மடங்கு + 1 எப்போதும் ஒற்றை. ஆகவே பதினோராவது உறுப்பைச் சோதிக்கும்போதே கூட்டிய 1 காணாமல் போகும். பைதனில் முழு எண் வர்க்கமூலம் எடுத்துத் திரும்ப வர்க்கித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய எண்ணுக்கும் பிழைக்காது.

டீச்சரின் எட்டு இலக்கக் கல்குலேட்டரில் 1413721 தான் கடைசி. அடுத்த எண் 48024900 திரையில் அடங்கும், ஆனால் அதன் எட்டு மடங்கு + 1 ஒன்பது இலக்கம்.

கொட்டகலை வெண்கட்டி

காரணிகள் பக்கமும் எழுதிவிடுகிறேன், புள்ளித்திட்டத்துக்கு உதவும். 29² × 41² க்கு (2+1)(2+1) = 9 காரணிகள்: 1, 29, 41, 841, 1189, 1681, 34481, 48749, 1413721. காரணிகளின் எண்ணிக்கை ஒற்றை, அது சதுரத்துக்கே உரிய அடையாளம். தன்னைத் தவிர மற்ற எட்டையும் கூட்டினால் 87012. எண்ணைவிட மிகக் குறைவு, ஆகவே குறை எண். இரண்டு பெரிய முதன்மைக் காரணிகள் மட்டும் உள்ள எண் மிகை எண்ணாக வர வழியே இல்லை, சிறிய காரணிகள்தான் கூட்டுத்தொகையை ஏற்றிவிடும்.

29, 41 இரண்டும் 4 ஆல் வகுத்தால் மீதி 1 தரும் முதன்மை எண்கள். ஆகவே இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம். 1189 ஐச் செம்பக்கமாகக் கொண்டு, பக்கங்கள் எல்லாம் முழு எண்ணாக உள்ள செங்கோண முக்கோணிகள் சரியாக நான்கு:

611² + 1020²
660² + 989²
261² + 1160²
820² + 861²

கடைசி இரண்டும் 9, 40, 41 ஐ 29 மடங்காகவும், 20, 21, 29 ஐ 41 மடங்காகவும் ஆக்கியவை. பைதகரசு படித்த பிள்ளைகள் அவற்றைத் தாமாகவே காண்பார்கள். முதல் இரண்டும் கஷ்டம், அவற்றை மேலதிகப் புள்ளிக்கு வையுங்கள்.

தலவாக்கலை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. கேள்வியை இப்படிப் பிரித்திருக்கிறேன். (அ) 1413721 ஐ முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதுக. (ஆ) இது ஒரு முக்கோண எண் எனக் காட்டி வரிசைகளின் எண்ணிக்கையைக் காண்க. (இ) 1, 6, 15, 28 என்ற கோலத்தில் இது எத்தனையாவது உறுப்பு? (ஈ) 1681 காம்பரா உள்ள ஒரு லயத்தில் எந்த இலக்கத்தின் இருபக்கக் கூட்டுத்தொகையும் சமனாகும்? (ஈ) க்கு 1189 என்று விடை மட்டும் எழுதினால் 1 புள்ளி, 706266 ஐ இருபக்கமும் காட்டினால் 3 புள்ளி. சரியா மாஸ்டர்?

ஹட்டன் மாஸ்டர்

(ஈ) இல் ஒரு சொல் சேருங்கள் டீச்சர்: "அந்த இலக்கத்தைச் சேர்க்காமல்". அது இல்லாவிட்டால் சில பிள்ளைகள் 1189 ஐயும் ஒரு பக்கத்தோடு கூட்டி 707455 என்று எழுதிவிட்டு, சமன் வரவில்லையே என்று பாதிநேரம் தேடுவார்கள். (ஆ) இல் 3363 ஐத் திரும்ப வர்க்கித்துக் காட்டிய பிள்ளைக்கு அந்தப் படிக்கென்று தனியாக 1 புள்ளி வையுங்கள்.